சிவப்புப் புள்ளி வைத்த நண்டுகள்

இன்று அல்லைப்பிட்டியிலிருந்து பட்டணம் போன பஸ்ஸில், கம்பஸில் உயிரியல் படிப்பிக்கிற பேராசிரியரும் அவரிடம் படிக்கிற ஒரு பிள்ளையும் எனக்கு முன்னால் இருந்தார்கள்.

பிள்ளை அழாக்குறையாகச் சொன்னாள். "சேர், ஓட்டிலை சிவப்பு நகப்பூச்சு வைச்சுக் கடல்லை விட்ட நண்டு ஒண்டுகூடத் திரும்பி வலையிலை படேல்லை. என்ரை ஆராய்ச்சி அவ்வளவுதான்."

"நண்டு உம்மட்டைச் சொல்லிப்போட்டே போகும்?" என்று சேர் சிரித்தார். "வராததும் ஒரு விடைதான். ஏன் வரேல்லை எண்டு யோசியும்."

"ஆழத்துக்குப் போயிட்டுது எண்டு எழுதட்டோ?"

அந்த நண்டுகள் எங்கே போனதென்று எனக்குத் தெரியும்.

போன கிழமை என் மனிசன் செத்த ஆண்டுப் பூசை. அவருக்கு நண்டென்றால் உயிர். தம்பி தன் வலையில் பட்டதைக் கொண்டுவந்து தந்தான். ஓடுகளிலிருந்த சிவப்புப் புள்ளியைச் சின்னப்பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைத்தேன். ஓட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அழுதழுது கறி வைத்தேன்.

பஸ்ஸில் சொல்லியிருக்கலாம். சனம் சிரிக்கும் என்ற வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் இறங்கும்போது அந்தப் பிள்ளை என் பையைப் பிடித்து, "கவனம் அம்மா" என்றாள். அதுதான் இன்னும் குத்துகிறது.

வீடு வந்ததும் குப்பைக் கிடங்கைக் கிளறினேன். ஓடுகளில் புள்ளி அழியவில்லை. கழுவிக் காயவைத்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளையைத் தெரிந்தவர்கள் அவளிடம் உடனே சொல்லுங்கோ, ஆழத்துக்குப் போனதென்று எழுதிவிட வேண்டாம். ஏச்செல்லாம் இந்தப் பதிவின் கீழே எனக்கு எழுதுங்கோ. கறி எப்படியென்று மட்டும் கேட்காதேங்கோ.