காது மெஷின் கடைக்கு எழுதியவள்

அவளை எல்லோரும் 'ஹலோக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். வாஷிங் மெஷின் சர்வீஸ் சென்டர் ஒன்றில் போன் எடுக்கிற வேலையில் பல வருஷம் இருந்தவள். அவள் 'ஹலோ' சொல்கிற தினுசே தனி. எதிர்முனையில் ஒரு பிடி பிடித்துவிடுவது என்று வரிந்து கட்டிக்கொண்டு வந்தவர்கூட, அந்தக் குரலைக் கேட்டதும் ஒரு படி இறங்கி, "ஒண்ணுமில்லம்மா, மெஷின் தண்ணி எடுக்க மாட்டேங்குது" என்று ஆரம்பித்துவிடுவார்.

ஒரு நாள் சென்டரில் அவளுக்குப் பதிலாகப் பதிவு செய்த குரலை வைத்தார்கள். தண்ணீர் வராவிட்டால் ஒன்றை அழுத்து, தண்ணீர் போகாவிட்டால் இரண்டை அழுத்து என்று அது சொல்லிக்கொண்டே போயிற்று. ஹலோக்காவுக்கு ஒரு சால்வையைப் போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கையும் காதும் சும்மா இருந்து பழக்கமில்லாதவை. மகள் வேலைக்காக வெளியூர் போகும்போது விட்டுப் போன பழைய லேப்டாப் ஒன்று அலமாரியில் கிடந்தது. மகளையே போனில் பிடித்து, திட்டு வாங்கி, திரும்பக் கேட்டு, ஒரு பிளாக் ஆரம்பித்தாள். ஜனங்கள் போனில் என்னென்ன கேட்பார்களோ அதைத் தலைப்பாகப் போட்டு, தான் என்ன பதில் சொல்வாளோ அதைக் கீழே எழுதினாள். 'மெஷின் டான்ஸ் ஆடினால் முதலில் அதன் காலைப் பாருங்கள்' என்பதுதான் முதல் பதிவு. புத்தகத் தமிழ் கிடையாது, அலங்காரம் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல இருக்கும்.

அதைப் படித்துவிட்டு ஒரு மெக்கானிக் தேடி வந்தார். "உங்க எழுத்துக்குக் கீழ என் நம்பரைப் போட்டுக்கலாமா?" என்று கேட்டார். அப்படித்தான் தொழில் தொடங்கியது. மெக்கானிக் சொல்லி மெத்தைக்காரர் வந்தார், மெத்தைக்காரர் சொல்லிச் சாவி செய்பவர் வந்தார். சின்னக் கடைகளுக்கு விளம்பரம் கொடுக்க வசதி கிடையாது. ஆனால் சொல்வதற்கு விஷயம் இருந்தது. அதை எழுத ஆள் இல்லாமல்தான் திண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

அப்படி வந்து சேர்ந்த காது மெஷின் கடை மட்டும் இவற்றிலிருந்து வேறு மாதிரி. மருந்துக் கடைக்கு மேலே, குறுகலான படியேறிப் போனால் கண்ணாடிக் கதவு. உள்ளே சத்தம் புகாத ஒரு கூண்டு, இரண்டு நாற்காலி, டை கட்டிய முதலாளி. காது பரிசோதனையை முறையாகப் படித்தவர், வேலையில் சுத்தமான மனிதர். வெப்சைட்டும் வைத்திருந்தார். அதில் 'உலகத் தரம் வாய்ந்த செவித்திறன் தீர்வுகள்' என்று தங்க எழுத்தில் மின்னியது.

"இதை யாரு சார் தேடுவாங்க?" என்று ஹலோக்கா கேட்டாள்.

"பெரிய கம்பெனி எல்லாம் இப்படித்தாம்மா போட்டிருக்காங்க."

"அவங்க பேரு ஊருக்கே தெரியும். உங்க கடை மாடியில இருக்கறது கீழ இருக்கற மருந்துக் கடைக்காரருக்கு மட்டுந்தான் தெரியும்."

முதலாளிக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் அதில் பொய் இல்லையே. "சரி, இந்த வருஷக் கடைசி வரைக்கும் எழுதிப் பாருங்க. ஆள் வரலேன்னா விட்டுடலாம்" என்றார்.

அன்றிலிருந்து கடையின் மூலை நாற்காலி அவளுடையதாயிற்று. எழுதுவதற்கு முன் கேட்க வேண்டும் என்பது அவள் கட்சி. வருகிறவர்களைக் கவனித்தாள். காது கேட்காதவர் தானாகப் படியேறி வருவது அபூர்வம். மகளோ மருமகனோ தள்ளிக்கொண்டு வருவார்கள். வந்தவர் உட்கார்ந்த உடனே சொல்கிற முதல் வார்த்தை அநேகமாக ஒன்றாகவே இருந்தது. "எனக்கு நல்லாத்தான் கேக்குது. இவங்கதான் முணுமுணுன்னு பேசறாங்க."

அதையே தலைப்பாக வைத்தாள். சத்தம் கேட்கும், சொல் பிரியாது. கனத்த குரல் புரியும், குழந்தையின் மெல்லிய குரல் புரியாது. இது பிடிவாதமும் இல்லை, மறதியும் இல்லை என்று முதலாளியிடம் கேட்டுக் கேட்டு எளிமையாக எழுதினாள். வாரம் தவறாமல் பதிவு போட்டாள். மாதங்கள் ஓடின. படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் ஒருவர் மகள், ஒருவர் முதலாளியின் மனைவி.

"யாரும் வந்த மாதிரி தெரியலையே" என்று முதலாளி டையைச் சரிசெய்தபடி ஜாடையாகச் சொல்வார்.

"வருவாங்க சார்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பதிவைத் தொடங்குவாள். அசைந்து கொடுக்கவில்லை. ஆனால் உள்ளே உதறல் இருந்தது. அந்த உதறலில்தான் அவள் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள்.

அவள் கணவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித் தருபவர். நிதானமான மனிதர். சில வருஷமாக அவர் பார்க்கிற டிவி பக்கத்து வீட்டுக்கும் கேட்டது. ஒரு நாள் அவள் அடுப்படியிலிருந்து, "மாவு தீந்துடுச்சுங்க" என்றாள். "மாமா வந்துட்டாரா? சொல்லவே இல்லையே" என்று அவர் எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, வாசல் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். காது விஷயத்தை எடுத்தாலே பேச்சை மாற்றிவிடுவார்.

ஹலோக்கா இதை எழுதினாள். 'என் வீட்டுக்காரருக்குக் காது கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது' என்று தலைப்பு. பெயர் போடவில்லை. ஆனால் டிவி, மாவு, மாமா, டிரைவிங் ஸ்கூல் எல்லாம் இருந்தன. எழுத எழுதச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் பதிவைப் போட்டும்விட்டாள்.

அது காட்டுத்தீயாகப் பரவியது. கடையில் போன் ஓயவில்லை. "எங்க வீட்லயும் இதே கதைதான்" என்று பெண்கள் பேசினார்கள். படியில் ஆட்கள் நின்றார்கள். முதலாளி டையைத் தளர்த்திவிட்டு, தன் கையாலேயே அவளுக்கு டீ கொண்டுவந்து வைத்தார்.

அன்று சாயங்காலமே நாத்தனார் கூப்பிட்டாள். "அண்ணி, அண்ணனைப் பத்தி எழுதியிருக்கீங்களே, சிரிச்சு சிரிச்சு வயிறே வலிச்சுப்போச்சு. குடும்பக் குரூப்ல போட்டுவிட்டேன்."

ஹலோக்கா சிரிக்கவில்லை. "ஏன்மா போட்ட?" என்றாள்.

"ஊரே படிக்குது, நாம படிச்சா என்ன?"

நாத்தனார் கேட்டதில் தப்பில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

மறுநாள் கணவர் வீட்டுக்கு வந்து டிவியைப் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். வண்டி கற்றுக்கொள்ள வரும் பெண் ஒருத்தியின் அம்மா அன்று ஸ்கூலுக்கு வந்திருந்தாளாம். "பின்னாடி ஹாரன் அடிச்சா உங்களுக்குக் கேக்குமா சார்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாளாம்.

"ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை.

'பேசினேனே, உங்களுக்குத்தான் கேக்கல' என்ற பதில் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "தப்புதாங்க. நாளைக்கே எடுத்துடறேன்" என்றாள். அவர் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அவருக்குக் கேட்டது. கடிகாரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், அதோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

காலையில் கடை திறக்கும்போதே அவள் போய் நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் முதலாளி பதறிப்போனார்.

"என்னம்மா விளையாடறீங்களா? இப்பத்தான் நாலு பேர் படியேறி வர்றாங்க. அதைப் போய் எடுக்கறேங்கறீங்களே."

"அது அவரோட விஷயம் சார். நான் கேக்காம எடுத்து வித்துட்டேன்."

"அவர் பேரே போடலையே."

"அவருக்குத் தெரியுதே, அது அவர்தான்னு."

"டிரைவிங் ஸ்கூலை மட்டும் வெட்டிடுங்க. மிச்சம் இருக்கட்டும்."

"வெட்டினாலும் அது எங்க வீட்டு ஹால்தான் சார்."

அவர் எதிரிலேயே லேப்டாப்பைத் திறந்து பதிவை அழித்தாள். நாத்தனாரைக் கூப்பிட்டு, குரூப்பில் போட்டதையும் எடுக்கச் சொன்னாள். வேறு யார் யாரோ சேமித்து வைத்ததை ஒன்றும் செய்ய முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கணக்கு தன் தலையில்தான் என்று ஏற்றுக்கொண்டாள்.

"அப்போ நாம இத்தோட முடிச்சுக்கலாமா?" என்றார் முதலாளி. முகம் இறுகியிருந்தது.

"வருஷக் கடைசி வரைக்கும்னு சொன்னீங்க. அது வரைக்கும் வருவேன் சார். அப்புறம் நீங்க போகச் சொன்னா போறேன்."

சொல்லிவிட்டு மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.  முதலாளி கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் யாருடைய சத்தமும் வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ.

இப்போது அவள் வழக்கம் மாறியது. கேட்டுவிட்டுத்தான் எழுதுவது, எழுதியதை அவர்களிடம் காட்டிவிட்டுத்தான் போடுவது. வருகிறவர்களிடம் எல்லாம் கேட்டாள். "உங்க கதையை எழுதலாமா?" என்று கேட்டவுடன் பாதிப் பேர் செருப்பைத் தேடினார்கள். ஒரு பெரியவர், "நான் மெஷின் வாங்கினதே என் சம்பந்திக்குத் தெரியக்கூடாது" என்று வாயில் விரல் வைத்தார். முதலாளி தூரத்திலிருந்து பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

பியூட்டி பார்லர் நடத்தும் ஒரு பெண் வந்தாள். காதை மறைத்து முடியை விட்டிருந்தாள். அவளும் முதலில் தலையாட்டி மறுத்துவிட்டுப் போனவள்தான். அடுத்த வாரம் மெஷினைச் சரிபார்க்க வந்தபோது தானாகவே மூலை நாற்காலிக்கு வந்தாள்.

"எழுதுங்கக்கா. கஸ்டமர் பின்னாடி நின்னு பேசினா எனக்குக் கேக்காது. மதிக்க மாட்டேங்கறா, தலைக்கனம் பிடிச்சவன்னு இத்தனை வருஷமா பேரு. திமிர் பிடிச்சவன்னு பேரு வாங்கறதுக்கு, காது கேக்காதவன்னு பேரு வாங்கினா எவ்வளவோ தேவலை."

"போட்டோவும் போடலாமா?"

"முடியைத் தூக்கிக் கட்டிட்டு வரேன். காது நல்லாத் தெரியட்டும்."

ஹலோக்கா எழுதி எடுத்துக்கொண்டு பார்லருக்குப் போனாள். ஹேர் டிரையர் சத்தத்துக்கு நடுவே அந்தப் பெண் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஓரிடத்தில் விரலை வைத்தாள். "நான் கண் கலங்கினேன்னு போட்டிருக்கீங்க. நான் எங்கக்கா கலங்கினேன்?"

"சும்மா, படிக்கறவங்களுக்கு..."

"எடுங்க. எனக்குக் கோபம்தான் வந்தது. அதைப் போடுங்க."

எடுத்துவிட்டுக் கோபத்தைப் போட்டாள். அந்தப் பதிவு காட்டுத்தீயாகப் பரவவில்லை. மெதுவாக நகர்ந்தது. ஆனால் படித்தவர்கள் வந்தார்கள். "அந்த பார்லர் அம்மா மாட்டியிருக்கற மாதிரி வேணும்" என்றார்கள். முக்கியமாக, யாரும் தள்ளிக்கொண்டு வராமல் தாங்களாகவே படியேறி வந்தார்கள். அவர்களில் சிலர், "நானும் சொல்றேன், எழுதிக்குங்க" என்றார்கள். ஒரு பஸ் கண்டக்டர் சொன்னார். கோர்ட்டில் டைப் அடிக்கும் பெண் ஒருத்தி சொன்னாள். சம்பந்திக்குப் பயந்த பெரியவர்கூட ஒரு நாள் வந்து, சம்பந்தியும் இதே கடையில்தான் வாங்கியிருக்கிறார் என்று தெரிந்துவிட்டதாகவும், இனி எழுதினால் ஆட்சேபணை இல்லை என்றும் சொன்னார்.

வருஷக் கடைசி வந்தது. முதலாளி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தான் நினைத்தது தப்பு என்று அவர் ஒருபோதும் சொன்னதுமில்லை. வெப்சைட்டிலிருந்த தங்க எழுத்து மட்டும் ஒரு நாள் காணாமல் போயிருந்தது. "அடுத்தது எப்போம்மா போடறீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

வீட்டில் கணவர் பேச ஆரம்பித்திருந்தார். காதைப் பற்றி மட்டும் இருவருமே வாய் திறக்கவில்லை. அவளும் கடையைப் பற்றி ஒரு வார்த்தை விடுவதில்லை. அது அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, இருந்தும் வாயைக் கட்டிக்கொண்டாள். அப்படியிருக்க, ஒரு விடுமுறை நாள் காலையில் அவர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வெளியே போனார். மத்தியானம் திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றும்போது, காதுக்குப் பின்னால் சின்னதாக ஒன்று தெரிந்தது.

அவள் பார்த்தது பார்த்தபடி நின்றாள். "எங்க வாங்கினீங்க?"

ஊரின் அந்தக் கோடியிலிருக்கும் ஒரு கடையின் பெயரைச் சொன்னார்.

"எங்க கடைக்கு வந்திருக்கலாமே."

"வந்தா அதையும் எழுதுவ."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் லேசாகச் சிரித்தார். பிறகு அவராகவே சொன்னார். "அந்த ஹாரன் கேட்ட அம்மாவோட பொண்ணு வண்டி ஓட்டும்போது 'நிறுத்தட்டுமா சார்'னு கேட்டிருக்கா. நான் 'திருப்பட்டுமா'ன்னு நினைச்சு தலையாட்டிட்டேன். நடு ரோட்டுல நிறுத்திட்டா. பின்னாடி வந்த லாரிக்காரன் திட்டினது மட்டும் தெளிவாக் கேட்டுது."

"பயந்துட்டீங்களா?"

"அவ பயந்துட்டா. அதான் போனேன்."

திங்கட்கிழமை கடையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கணவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொன்னாள். முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம கடை இருக்க வேற கடையா? எந்தக் கடைம்மா?"

"கஸ்டமர் விஷயத்தை வெளியில சொல்றதில்லன்னு வெச்சிருக்கேன் சார்."

மறுநாள் காலை. கணவர் மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரே அவள் மெத்தைக்காரருக்காக, முதுகு வலிக்கு மெத்தையைக் குறை சொல்வதற்கு முன் கட்டிலைப் பார்ப்பது எப்படி என்று எழுதிக்கொண்டிருந்தாள். அவர் பேப்பரைத் திருப்பினார். அந்தச் சரசரப்பில் அவரே திடுக்கிட்டார். குழாயில் சொட்டும் தண்ணீரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, தினமும் இப்படித்தான் லொட்டு லொட்டுன்னு தட்டுவியா? தலையை வலிக்குது."

"இத்தனை வருஷமா இப்படித்தாங்க தட்டறேன்."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போனாள். கட்டிலைப் பற்றி இன்னும் பாதி எழுத வேண்டியிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தட்ட ஆரம்பித்தாள்.