வளையத்துக்குள் வைக்காத மட்டை

போன சனிக்கிழமை முழங்கால் வலிக்குக் களிம்பு வாங்க, ஆக்லாந்தில் எங்கள் த்ரீ கிங்ஸ் பக்கத்து மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு தாய், தன் பிள்ளையின் மூக்கிலும் காதிலும் வெயில் கிறீமை அப்பிக்கொண்டிருந்தாள். பிள்ளை நெளிந்தது. அந்த வாசனை வந்ததும் எனக்குக் களைத்துப் போய்விட்டது. பழைய வாசனைகளுக்குச் சிலருக்குக் கண் கலங்கும். எனக்குக் கால் உளையும்.

காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் மூன்று கோடைகாலம், சனிக்கிழமைதோறும், நான் சின்னப் பிள்ளைகளுக்குப் பேஸ்போல் நடத்தினேன். சிரிக்க வேண்டாம். அதற்கு முன் அந்த விளையாட்டை நான் கண்ணால் கண்டதில்லை. ஒரு அமெரிக்கத் தகப்பன் அதைத் தொடக்கிவிட்டு நாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாராம். மூன்று மட்டையும் ஒரு பை பந்தும் பள்ளிக்கூடத்தில் மிஞ்சின.

எல்லாம் ஒரு படிவம் செய்த வேலை. மகள் தர்சினிக்கு அப்போது ஏழு வயது. நாங்கள் நியூசிலாந்துக்கு வந்து ஒரு வருடமாகியும் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. வீட்டில் வாய் ஓயாது. பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் ஊமை. நாலு பிள்ளைகளோடு ஓடி விளையாட விடுங்கள், பேச்சு தானாக வரும் என்றார் ஆசிரியை. அந்தப் பருவத்தில் இடமிருந்தது பேஸ்போலில் மட்டும்தான். படிவத்தின் கடைசியில், பெற்றோர் எந்தெந்த வகையில் உதவலாம் என்று ஆறு கட்டங்கள். விசாப் படிவம் நிரப்பிய எவருக்கும் வெறுங்கட்டத்தின் பயம் தெரியும். ஒரு கட்டத்தை நாங்கள் காலியாக விட்டு, விண்ணப்பம் திரும்பி வந்து, மாதக்கணக்கில் நித்திரை இல்லாமல் கிடந்திருக்கிறோம். ஆகவே ஆறுக்கும் சரி போட்டேன். பயிற்சி, நடுவர், சாமான் பொறுப்பு, எல்லாவற்றுக்கும்.

மூன்றாம் நாள் மொரீன் என்ற பெண்மணி தொலைபேசியில் வந்தார். பழைய மாணவர் ஒருவரின் தாய்; படிவங்களைச் சேகரித்தவர். எல்லாக் கட்டத்துக்கும் சரி போட்ட ஒரே ஆள் நான்தானாம். நான் மறுத்தால் இந்த வருடம் ஆட்டமே இல்லையாம். தர்சியை நினைத்துக்கொண்டு, "யெஸ்" என்றேன்.

டாக்சி ஓட்டிக் களைத்து வந்த என் கணவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "என்னப்பா, பேஸ்போலோ? பந்தைக் கண்டாலே கண்ணை மூடுற ஆளெல்லோ நீர்?"

"ஓம். மூடிக்கொண்டே நடத்துறன்," என்றேன்.

வாரம் முழுக்க எல்லர்ஸ்லியில் ஒரு கந்தோரில் கணினியில் விவரம் தட்டுகிற வேலை. சனிக்கிழமை விடிந்தால் முதலில் யன்னலைப் பார்க்க வேண்டும். மழை என்றால் பதினெட்டு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து இன்றைக்கு இல்லை என்று சொல்ல வேண்டும். பதினெட்டாவது வீட்டுக்குச் சொல்லி முடிக்க வெயில் எறிக்கும். பிறகு அதே பதினெட்டையும் மறுபடி தொடங்க வேண்டும். ஆக்லாந்து மழைக்கு எங்கள் மேல் அப்படி ஒரு பகை.

மைதானத்தில் பிள்ளைகள் எல்லாரும் முகத்தில் கிறீம் பூசி, திருநீறு அளவுக்கு மிஞ்சிப்போன பக்தர்கள் மாதிரி நிற்பார்கள். பந்தை யாரும் எறிவதில்லை. இடுப்புயரக் கம்பம் ஒன்றின் மேல் அதை வைத்துவிடுவோம்; அடித்துவிட்டு முதல் மூலைக்கு ஓட வேண்டும். பந்து உருண்டால் மற்றப் பதினெட்டுப் பிள்ளைகளும் அதன் மேல் விழுவார்கள். எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் அடித்துவிட்டுக் கிரிக்கெட்டில் போல அசையாமல் நிற்பார்கள், அல்லது நேரே எதிர்ப்பக்கம் ஓடுவார்கள். இடைவேளைக்குத் தோடம்பழத்தை, அதுதான் ஆரஞ்சுப்பழத்தை, வெட்டிக் கொடுப்பது இங்கத்தைய வழக்கம். ஒரு தமிழ்த் தாய் அதற்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக்கொண்டு வந்துவிட்டார். முதல் நாள் வெள்ளைப் பிள்ளைகள் துள்ளினார்கள். அடுத்த வாரம் அதையே கேட்டார்கள்.

பழகுநர் ஆட்டம் என்பதால் புள்ளி எண்ணக்கூடாது. இதைச் சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்த வெங்கட்டால் தாங்க முடியவில்லை. அவருடைய மகனும் விளையாடினான். "என்னங்க இது, ஸ்கோர் இல்லாம ஒரு கேமா?" என்று கேட்டுவிட்டு, ஒரு பழைய கடித உறையின் பின்பக்கத்தில், ஒரு மூலை ஓடினால் ஒரு ரன் என்று தன்பாட்டில் எழுதிக்கொண்டிருப்பார்.

இரண்டாம் வாரம் ஒரு பிள்ளை அடித்த வேகத்தில் மட்டையை வீச, அது மொரீனின் கணுக்காலில் பட்டது. அன்றுதான் நான் ஒரு சட்டம் போட்டேன். அடிக்கும் இடத்தருகே பிளாஸ்டிக் வளையம் ஒன்று கிடக்கும். மட்டையை அதற்குள் வைத்துவிட்டுத்தான் ஓட வேண்டும். வைக்காவிட்டால் அவுட். மட்டை மூன்றும் பள்ளிக்கூடத்து இரவல் என்பதால் அதைப் பற்றியும் ஒவ்வொரு வாரமும் பிரசங்கம் செய்வேன். அந்த வளையச் சட்டத்துக்கு முதலில் அகப்பட்டவன் வெங்கட்டின் மகன். வெங்கட்டின் முகம் சுருங்கியது. "சரிங்க. ரூல்ஸ்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்றார். அந்தக் கேள்வி ஒரு வாரம் முழுக்க என் காதுக்குள் நின்றது.

தர்சி அதுவரை ஒரு பந்தையும் அடிக்கவில்லை. மட்டை கம்பத்தில்தான் படும். பந்து காலடியில் விழும். ஆனால் பேச்சு மெல்ல வரத் தொடங்கியிருந்தது. "மை டேர்ன்" என்று வரிசையில் சண்டை பிடித்ததை நான் இரண்டு காதாலும் கேட்டேன். அன்றைக்கு வீடு போகும்வரை காருக்குள் நான் பாடிக்கொண்டு போனேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் அடித்தாள். பந்து, புல்லில் பூப் பறித்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளுக்கு நடுவால் வேலிவரை போனது. "ரன், தர்சி, ரன்!" என்று மைதானமே கத்தியது. அவள் ஓடினாள். முதல் மூலையில் இரண்டு காலையும் ஊன்றி நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு கையாலும் மட்டையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். இங்கே வளையம் வெறுமையாகக் கிடந்தது. பக்கத்தில் வெங்கட், கையில் பேனையோடு.

நான் கையை உயர்த்தினேன். "அவுட்."

தர்சி நடந்து என்னிடம் வந்தாள். "அம்மா, இரவல் சாமானைக் கண்ட இடத்தில விடக்கூடாதெண்டு நீங்கதானே சொன்னனீங்கள்?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான் பிள்ளை," என்றேன். மட்டையைப் பக்குவமாக வளையத்துக்குள் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தூக்கியிருப்பேன்.

வெங்கட் கிட்ட வந்தார். "ஏங்க, சின்னக் குழந்தைங்க. விட்டிருக்கலாமே. நான் அவளுக்கு ஒரு ரன் போட்டுட்டேன்," என்று உறையைக் காட்டினார்.

யாருக்குப் பயந்து அதைச் சொன்னேனோ, அந்த மனிதரே விட்டுக்கொடுத்துவிட்டார். எனக்குத்தான் முடியவில்லை. இந்த நாட்டில் எங்களைப் பற்றி ஒருவரும் ஒரு குறை சொல்லிவிடக்கூடாது என்ற பயம் அப்போது எனக்கு மூச்சு மாதிரி. அதற்காகப் பெற்ற பிள்ளையை அத்தனை பேர் முன்னால் உட்கார வைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரங்களில் அவள் வந்தாள், பந்துப் பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். முறை வந்தால், "ஐ டோன்ட் வோண்ட் டு" என்பாள். என்னிடம் அவள் சொன்ன முதல் முழு ஆங்கில வசனம் அதுதான். இங்கே கிறிஸ்மஸ் கோடை நடுவில் வரும்; அந்த நத்தாருக்குப் பிறகு அவள் வரவில்லை. நான் மட்டும் இன்னும் இரண்டு கோடை போனேன். பொறுப்பை ஏற்க வேறு ஆளில்லை, வேண்டாம் என்று சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. பிற பிள்ளைகளை "ரன், ரன்" என்று கத்தித் தொண்டை கட்டி வீடு வருவேன். என் பிள்ளை தொலைக்காட்சியிலிருந்து தலை திருப்பாது.

பிறகு ஆட்கள் குறைந்தார்கள். மோர்ட்கேஜ் கிடைத்தவர்கள் பாட்டனி டவுன்ஸ் பக்கம் புது வீட்டுக்குப் போனார்கள். வெங்கட் சிட்னிக்குப் போனார். நாலாம் கோடையில் படிவத்தில் ஒருவரும் சரி போடவில்லை, நானும் போடவில்லை. மைதானத்தின் பாதியில் இப்போது மாடிவீடுகள். அந்தப் பழைய பயமும் போய்விட்டது. எப்போது போனதென்று நான் கவனிக்கவில்லை.

தர்சி வெலிங்டனில் இருக்கிறாள். போன நத்தாருக்கு வந்தபோது, இத்தனை வருடமாக மனதுக்குள் எழுதி எழுதி வைத்திருந்ததைச் சொல்லத் துணிந்தேன். "அண்டைக்கு நான் உன்னை அவுட் எண்டு சொன்னது பிழை பிள்ளை."

அவள் கைபேசியிலிருந்து நிமிர்ந்து, உண்மையாகவே யோசித்தாள். "வாட் கேம், அம்மா? சொஃப்ட்போலா? ஐ டோன்ட் ரிமெம்பர்," என்று சிரித்து என் தோளில் கையைப் போட்டாள்.

நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது இவளிடமில்லை, அந்த ஏழு வயதுக்காரியிடம். அவள் இப்போது எங்கேயும் இல்லை.