கடைசிப் பக்கத்து அக்கா

செய்தி வந்தபோது காலை பதினொன்று பத்து. தம்பி அச்சகத்தில் நின்றுகொண்டு, மை காயாத புத்தக அட்டை ஒன்றைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். 'வாடகை வீட்ல பூனை வளக்கலாமா?' என்று தலைப்பு. கீழே, துணிக் கூடைக்குள் ஒரு பூனை. பூனையின் மூக்கு கொஞ்சம் ஆரஞ்சடித்தது. அதைச் சொல்ல வாயெடுக்கும்போது சட்டைப்பையில் போன் அடித்தது. தெரியாத எண். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. அப்போதும் எடுக்கவில்லை.

மூன்றாம் முறை அடித்ததும் அச்சகக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "எடுத்துத் தொலையேன் தம்பி. அதென்ன கடிச்சா வெச்சிடும்?" என்று அவரே பையில் கைவிட்டு எடுத்து, "சொல்லுங்க" என்றார். கேட்டுக்கொண்டே கையை உயர்த்தி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். இருபது வருடமாக வந்துபோகிற கூடம் அது. அங்கே தன் மூச்சுச் சத்தத்தைத் தம்பி கேட்டது அன்றைக்குத்தான்.

பறவைத் தீனி விற்கிற கடையில், வரிசையில் நின்றபடியே அக்கா சரிந்து, அங்கேயே உயிர் போய்விட்டதாம். கையில் ஒரு பொட்டலம் தீனி இருந்ததாம். கடைக்காரர் போனில், "பாவம், வீட்ல அந்தக் கிளிக்கு யாராவது தீனி வெச்சிடுங்க சார்" என்றும் சொல்லியிருக்கிறார்.

அக்காவிடம் கிளி கிடையாது. எந்தப் பறவையும் கிடையாது.

அவள் அலமாரியைத் திறந்தால் நாய் வளர்க்காத வீட்டில் இரண்டு நாய்க் கழுத்துப்பட்டைகள், ஓடாதவள் வாங்கிய மூன்று ஜோடி ஓட்டக் காலணிகள், பின்னத் தெரியாதவளின் நூல்கண்டுகள். எல்லாம் வரிசையில் நிற்பதற்காக வாங்கியவை. நன்றாக ஓடுகிற கடிகாரத்தை ரிப்பேர் கடையில் நீட்டி, "என்னன்னு பாருங்களேன்" என்பாள். கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் பின்மூடியைத் திறந்து, "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்வதற்குள் பின்னால் நிற்கிற நாலு பேர் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது காதில் விழுந்திருக்கும். அவளுக்கு வேண்டியது அதுதான். திரும்பி வருகிற வழியில் நீல நோட்டைத் திறந்து, கேட்ட கேள்வியை அப்படியே எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போடுவாள். ஒருவரையொருவர் தெரியாத மூன்று பேர் வாயிலிருந்து அதே கேள்வி வந்து மூன்று கோடு ஆகிவிட்டால் அது அவள் பதிப்பகத்தின் அடுத்த புத்தகம்.

"ரெண்டு பேர் கேட்டா?" என்று தம்பி ஒருமுறை கேட்டான்.

"ரெண்டு பேர் புருஷன் பொண்டாட்டியா இருக்கலாம்டா."

தொடக்கத்தில் அவள் இப்படி இல்லை. பதிப்பகம் தொடங்கின வருடம் பெரிய பெரிய புத்தகமாகத்தான் போட்டாள். நாகரிகங்களின் வரலாறு, இரண்டு பாகம், தடித்த அட்டை, தங்க எழுத்து. ஒருவரும் சீண்டவில்லை. விற்காத கட்டுகளை அடுக்கி, மேலே மெத்தை தைத்துப் போட்டு, அலுவலகத்துக்கு நாற்காலியாக்கினாள். அலுவலகம் என்றால் அவள் வீட்டின் முன்னறை. யார் வந்தாலும், "உக்காருங்க, கீழே ரோமாபுரி இருக்கு, தாங்கும்" என்பாள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து சோர்ந்துபோயிருந்த காலத்தில்தான் ஊரில் திடீரென்று எல்லோரும் ஓட ஆரம்பித்தார்கள். விடியற்காலையில் தெருவெங்கும் ஓட்டம். செருப்பு வாங்கப் போன அக்கா, ஒரே மணி நேரத்தில் மூன்று பேர் கடைப் பையனிடம் ஒரே கேள்வியைக் கேட்பதைக் கேட்டாள். நாற்பத்தைந்து நாளில், ஒரு முழங்கால் மருத்துவரைப் பேசவைத்துப் பதிவு செய்து, தொண்ணூற்றாறு பக்கத்தில் ஒரு புத்தகம் வந்தது. தலைப்பு, கடையில் கேட்டபடியே: 'முழங்கால் போயிடுமா?' முன்னூறு பிரதி அடித்தாள். பத்து நாளில் தீர்ந்தது. அவற்றைப் புத்தகக் கடைகளில் வைக்கவே இல்லை. காலணிக் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பிறகு மொட்டைமாடித் தக்காளி, பழைய ஃபிலிம் கேமரா, வீட்டு ரொட்டி. ரொட்டிப் புத்தகம் மாவுக் கடையில் விற்றது. பெரிய பதிப்பகக்காரர்களும் பின்னாலேயே அதே விஷயத்தில் வழவழத் தாளில் போட்டார்கள். தம்பி பதறுவான். அக்கா பேனா மூடியைக் கடித்துக்கொண்டே, "அவங்க கூட்டம் போட்டு, டீ குடிச்சு, முடிவெடுக்கறதுக்குள்ள நாம ரெண்டாம் பதிப்புல தப்பெல்லாம் திருத்தியிருப்போம்டா. அவங்களுக்கு யார் போன் பண்ணித் தப்பு சொல்லப்போறாங்க?" என்பாள்.

போன்தான் அவளுடைய பலம். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் 'எங்களுக்குத் தெரியாதவை' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதன் கீழே, 'உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் கேளுங்கள்' என்று எழுதி, தன்னுடைய சொந்த எண்ணைப் போட்டுவிடுவாள். கூப்பிட்டார்கள். துணி காயப்போடும்போதும் பல் விளக்கும்போதும் கூப்பிட்டார்கள். அக்கா எல்லோரிடமும் பேசுவாள். பதில் தெரியாவிட்டால், "கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி நோட்டில் எழுதுவாள். சொன்ன பிறகு டிக் போடுவாள். முகம் தெரியாத வாசகர்கள் அவளுக்கு வைத்த பெயர், கடைசிப் பக்கத்து அக்கா.

தம்பியின் வேலை பக்கம் வடிவமைப்பது. பேச்சு அவன் வேலை இல்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் மீன்தொட்டிப் புத்தகம் வந்தது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஓர் அட்டவணை: எந்த நோய்க்கு எத்தனை சொட்டு மருந்து. தம்பி பக்கம் கட்டும்போது சொட்டு எண்கள் மட்டும் ஒரு வரி கீழே இறங்கிவிட்டன. யாரும் கவனிக்கவில்லை. புத்தகம் வெளியான இரண்டாவது வாரம் அக்கா குளிக்கப் போயிருந்தபோது போன் அடித்தது, தம்பி எடுத்தான்.

"நாப்பத்தொண்ணாம் பக்கம் பாத்து ஊத்தினேங்க" என்றது ஒரு ஆண் குரல். "ஏழு மீனும் மிதக்குதுங்க." அந்தக் குரல் திட்டியிருந்தால்கூடத் தம்பி தாங்கியிருப்பான். அது அழுதது. தம்பி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டான்.

தலை துவட்டிக்கொண்டு வந்த அக்கா, அவன் முகத்தைப் பார்த்தே கேட்டுத் தெரிந்துகொண்டாள். உடனே அந்த எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிட்டாள். "தப்பு எங்களுது. நான்தான் சரியாப் பாக்கலை" என்றாள். தம்பி என்கிற சொல்லே அவள் வாயிலிருந்து வரவில்லை. அன்றே எல்லாக் கடைகளிலிருந்தும் பிரதிகளை வாங்கிவந்து, இரண்டு நாள் ரோமாபுரி மேல் உட்கார்ந்து, சரியான அட்டவணையை ஒட்டினார்கள். இரண்டாம் பதிப்பின் கடைசிப் பக்கத்தில், 'முதல் பதிப்பில் நாங்கள் செய்த பிழையால் ஒரு வீட்டில் ஏழு மீன்கள் இறந்தன' என்று போட்டாள். அச்சகக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "யாராச்சும் தன் கடை வாசல்லயே இப்படி போர்டு மாட்டுவாங்களா அக்கா?"

அந்தப் புத்தகம் இதுவரை ஒன்பது பதிப்பு கண்டிருக்கிறது. அந்த மனிதருடன் அக்கா மாதம் ஒருமுறையாவது பேசுவாள். நோட்டில் அவர் பெயர் மீன்காரர். தம்பி அதற்குப் பிறகு தெரியாத எண் எதையும் எடுத்ததில்லை. அக்காவும் எடு என்று சொன்னதில்லை. போன் அடித்தால், "நீ உன் பக்கத்தைப் பாருடா" என்று அவளே எழுந்து போவாள்.

அக்கா போன நாலாம் நாள், அச்சகக்காரர் வீட்டுக்கு வந்தார். புத்தகக் கட்டு மேல் உட்கார்ந்தார்.

"பூனைப் புத்தகத்துல கடைசிப் பதினாறு பக்கம் மட்டும் அடிக்காம நிக்குது தம்பி. அக்காவோட நம்பரை என்ன பண்றது? எடுத்துட்டு மின்னஞ்சல் போட்டுடலாமா?"

தம்பி மேசையிலிருந்த நீல நோட்டைப் பார்த்தான். மின்னஞ்சல் போடலாம். பூனைப் புத்தகம் விற்றுவிடும். அதற்கடுத்த புத்தகம் எங்கிருந்து வரும்? தொட்டியில் மீன் ஏன் மேலேயே நிற்கிறது என்று எந்த மனிதன் மின்னஞ்சல் எழுதிக் கேட்பான்? எண்ணை எடுத்தால் பதிப்பகத்தை மூடுகிற மாதிரி. எண்ணை விட்டால் யாராவது எடுக்கவேண்டும். பதிப்பகத்தில் மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான்.

"அக்கா இருந்தா இந்நேரம் என்னை ரெண்டு திட்டு திட்டியிருக்கும்" என்றார் அச்சகக்காரர். "'மூக்கு ஏன்யா ஆரஞ்சா இருக்கு, பூனைக்கு ஜலதோஷமா'ன்னு." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

உள்ளேயிருந்து அக்காவின் மகள் வந்தாள். வேலை பார்க்கிற ஊரிலிருந்து வந்தவள், மறுநாள் கிளம்பவேண்டும். கையில் அம்மாவின் போன்.

"மாமா, இதை ஆஃப் பண்ணிடட்டுமா? நாலு நாளா அடிச்சுக்கிட்டே இருக்கு. எல்லாம் தெரியாத நம்பர்."

"வெச்சிட்டுப் போ பாப்பா. நான் பாத்துக்கறேன்."

"நீங்களா?" என்று கேட்டவள், நாக்கைக் கடித்துக்கொண்டு, போனை மேசையில் நீல நோட்டின் மேல் வைத்தாள்.

வைத்த கையை எடுப்பதற்குள் அடித்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். ஐந்து முறை அடித்தது. இன்னும் ஒன்றிரண்டு அடித்தால் நின்றுவிடும் என்று தம்பிக்குத் தெரியும். அச்சகத்தில் நின்றபோதும் அப்படித்தான் மணி நிற்கக் காத்திருந்தான். அவன் எடுத்தான்.

"ஹலோ, கடைசிப் பக்கத்து அக்காவா?" நடுத்தர வயதுப் பெண் குரல், மூச்சு வாங்கியது. "அக்கா, நான் ஓடிட்டு வந்து நேரா பேசறேன். முழங்கால் புத்தகத்துல..."

"அக்கா இல்லைங்க" என்றான் தம்பி. "அக்கா... திங்கக்கிழமை போயிட்டாங்க. நான் தம்பி."



"அய்யோ" என்றாள் அந்தப் பெண். "போன மாசம்தான் பேசினேன். என் பையன் பரீட்சை பத்தியெல்லாம் கேட்டாங்களே." பிறகு, "இனிமே நான் யார்கிட்டங்க கேக்கறது?" என்றாள்.

தம்பி போனை வைத்துவிடவில்லை. இடது கையால் நோட்டை இழுத்து, பேனாவைத் தேடினான். அச்சகக்காரர் தன் காதிலிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார்.

"கேளுங்க" என்றான். "எழுதிக்கறேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. கேட்டுச் சொல்றேன்."

படி இறங்கும்போது மட்டும் வலிக்கிறது, ஏறும்போது இல்லை, ஏன்? அவன் அதை அப்படியே எழுதி, திருப்பி ஒருமுறை படித்துக் காட்டினான். போனை வைத்ததும் அச்சகக்காரர் எழுந்தார்.

"அப்ப நம்பர் அப்படியே இருக்கட்டும்?"

"இருக்கட்டும்ணே. மூக்கை மட்டும் கொஞ்சம் சரி பண்ணுங்க."

பூனைப் புத்தகம் அந்த வார இறுதியில் பிராணிக் கடைகளுக்குப் போய்விட்டது. முழங்கால் மருத்துவரிடம் கேட்டு, படிக்கட்டுக் கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று. அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக் இருக்கிறது. அதற்கு மேல் உள்ள வரி அக்காவின் கையெழுத்து: 'மீன்காரருக்குப் போன். புதுத் தொட்டி வாங்கினாரா?' அதற்குப் பக்கத்தில் இன்னும் டிக் இல்லை.