பேர் சொல்லக்கூடாத மருந்து

மைனி அந்த டம்ளரை முந்தானையால் மூடிக்கொண்டுதான் கொண்டுவருவாள். வாய்க்குச் சற்றுக் கீழே நசுங்கிய எவர்சில்வர் டம்ளர். குடிக்கப்போகிறவர் வெறும் வயிற்றோடு கிழக்கே பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தாராவியில் நாங்கள் இருந்த சந்தில் கிழக்கு எது, மேற்கு எது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. சூரியன் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. குடித்தனம் வந்த புதிதில் மைனி கேஸ் அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டி, அதுதான் கிழக்கு என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு அதுவே கிழக்கு. வந்தவர்கள் அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போவார்கள். டம்ளரில் இருப்பது என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

மைனி என் அண்ணன் மனைவி; நான் அவளுக்கு நாத்தனார். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். அண்ணன் தோல் பை செய்யும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். நான் அப்போது வாஷியில் ஒரு ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரே அறை, மேலே பலகை போட்ட ஒரு பரண்; அங்கே அதை மாளா என்பார்கள். அந்த மாளாவில் தலை இடிக்க இடிக்கக் குனிந்தே நடந்து என் இருபதுகளைக் கழித்தேன். மைனி பிறந்த வீட்டில் மஞ்சள் காமாலைக்கு மருந்து கொடுக்கும் வழக்கம் இருந்தது. அது அவள் கைக்கு வந்ததோடு அதற்கான சட்டதிட்டங்களும் வந்தன. விடியும் முன் யாரோடும் பேசாமல் போய்ப் பறிக்க வேண்டும். மூன்று காலை கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கு ஒரு வாய் காப்பிகூட வாங்கிக் குடிக்கக் கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம், செடியின் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் சொன்னவர் கைக்கும் கேட்டவர் கைக்கும் மருந்து பலிக்காது. அதோடு போகாது, ஏற்கெனவே குடித்தவர் வயிற்றில் இருக்கும் மருந்தும் செத்துப்போகும்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் அம்பர்நாத்தில் ஃபாக்டரி வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்கள்கூட ரயிலேறி வந்து எங்கள் வாசலில் நின்றார்கள். அதில் எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். "கீழாநெல்லிதானே மைனி? அதைத்தான் மாட்டுங்காவுல கட்டுக்கட்டா விக்காங்களே" என்று சீண்டுவேன். மைனி சிரிப்பாள். "கீழாநெல்லியத்தான் ஊரே குடிக்குல்லா. பொறவு எங்கிட்ட எதுக்குட்டி வாராக?" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் அவளிடமிருந்து வராது. எனக்கும் அந்த விளையாட்டு பிடித்திருந்தது.

அந்த மழைக்காலத்தில் எங்கள் சந்தில் குழாய்த் தண்ணீர் எது, சாக்கடைத் தண்ணீர் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. வரிசையாகப் பலருக்கும் காய்ச்சல் வந்தது. ஒருநாள் அண்ணன் முகம் கழுவிவிட்டுத் திரும்பியபோது அவன் கண்ணின் வெள்ளை, வெள்ளையாக இல்லை. பக்கத்து கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து, காமாலைதான் என்றார்கள். ஓய்வு எடுக்கட்டும், கொதிக்கவைத்த தண்ணீர் கொடுங்கள், வாந்தி வந்தாலோ பேச்சு தடுமாறினாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், இதற்கென்று தனி மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்னார். மைனியின் காதில் ஏறியது கடைசியில் சொன்னது மட்டும்தான். "பாத்தியா, அவுகளே சொல்லிட்டாக, இங்கிலீஷ்ல மருந்து கெடையாதுன்னு" என்று என்னைப் பார்த்தாள். மறுநாள் விடியும் முன் எழுந்து பேசாமல் கதவைத் திறந்துகொண்டு போனாள்.

அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான், குடித்தான். அதோடு பத்தியம் தொடங்கியது. உப்பில்லை, புளியில்லை, எண்ணெயில்லை. வெறும் அரிசிக் கஞ்சி. சற்று நேரத்தில் வயிறு போகத் தொடங்கியது. எங்கள் சந்துக்கே பொதுவான கழிப்பறை அது; மழையில் வரிசையில் நிற்க வேண்டும். நான் குடை பிடித்துக்கொண்டு கூடப் போவேன். திரும்பி வந்து உட்கார்வதற்குள் மறுபடியும் எழுந்திருப்பான். மைனிக்கு அதில் சந்தோஷம். "மஞ்ச எறங்குது" என்றாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து பார்த்து, ஆமாம், இறங்குகிறது என்றார்கள். இரண்டாம் நாள் அவனால் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. மூன்றாம் நாள் எழுந்து உட்காரவே முடியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம் மைனி" என்றேன். காமாலைக்காரனுக்கு ஊசி போட்டால் ஆள் மிஞ்சாது என்று ஊரில் எல்லோரும் நம்புவதை அவளும் நம்பினாள். "இன்னைக்கு ஒரு நாளு பொறுட்டி. மூணு முடியட்டும். ஊசி குத்தினா நாம ஆள இழந்துருவோம்" என்றாள். நான் கத்தினேன். அவளும் கத்தினாள். பாய்க்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், நடுவே அண்ணன். எங்களைப் பார்த்து, என் கத்தியை எங்கே வைத்தீர்கள், ஆர்டர் நிற்கிறது என்றான். முதலில் எனக்குப் புரியவில்லை. பட்டறையில் தோல் வெட்டும் கத்தியைக் கேட்கிறான். இங்கே ஏது கத்தி என்று சொல்வதற்குள் வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகு நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பட்டறைக்குப் போன் செய்தேன். இரண்டு பேர் வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவனை உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினார்கள். மைனி செருப்புகூடப் போடாமல் பின்னால் வந்தாள். டாக்சியில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டர் மராத்திக்காரப் பெண். என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். அண்ணனின் கண்ணை விரித்துப் பார்த்தாள், கையைக் கிள்ளிப் பார்த்தாள். "ஜடிபூட்டி குச் தியா க்யா?" என்று கேட்டாள். பச்சிலை மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று எத்தனையோ பேரிடம் கேட்டுச் சலித்த குரல். நான் கொடுத்தோம் என்றேன். எது என்றாள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கீழாநெல்லிக்கு இங்கே சொல்லும் பெயரைச் சொன்னேன். "பக்கா?" என்றாள், நிச்சயம்தானா என்று. மைனியைத் திரும்பிப் பார்த்தேன். மைனி இல்லை என்று தலையசைத்தாள். பிறகு எது? மைனி தரையைப் பார்த்தாள். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. சில செடிகளால் ஒன்றும் ஆகாது, சில செடிகள் ஈரலையே தின்றுவிடும், எதைக் கொடுத்தீர்கள் என்று தெரியாமல் நான் எதற்கு வைத்தியம் பார்ப்பேன், ஆள் போய்விட்டால் யாரைக் கேட்பது என்று இந்தியில் பொரிந்தாள்.

நான் மைனியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "சொல்லுங்க மைனி. ஒங்க காலப் பிடிக்கேன், சொல்லிருங்க." அவள் என்னைச் சுவரோரமாக இழுத்துப் போனாள். "சொன்னா உள்ள இருக்க மருந்து செத்திரும்ட்டி. அதுதான் இப்ப அவுகளத் தாங்கிக்கிட்டு இருக்கு. அதயும் நானே கொன்னுட்டா ஒங்க அண்ணன் எப்படிட்டி பொழைப்பாக?"

அதுவரை அவளை வீம்புக்காரி என்றுதான் நினைத்திருந்தேன். அந்தச் சுவரோரத்தில்தான் எனக்கு விளங்கியது. வாயைத் திறக்காவிட்டால் புருஷன் போய்விடுவான் என்கிறாள் டாக்டர். திறந்தால் போய்விடுவான் என்று இவள் நம்புகிறாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் உயிர் இவள் நாக்கில்தான் இருந்தது. எனக்கு அவள் மீது ஆத்திரமாகவும் இருந்தது, அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் அங்கே நேரமில்லை.

ஸ்டிரெச்சரில் அண்ணன் முனகினான். மைனி ஓடிப்போய் அவன் நெற்றியில் கை வைத்தாள். அவன் கண்ணைத் திறந்து அவளை வெகு நேரம் பார்த்தான். பிறகு, "கோன் ஹை தும்?" என்றான்.

பட்டறையில் நாள் முழுக்க இந்திதான். ஆனால் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இந்தியையும் கழற்றிவிடுவான். மைனியிடம் அவன் ஊர்த் தமிழைத் தவிர வேறு பாஷை பேசி நான் கேட்டதில்லை. யாரோ வழியில் குறுக்கே வந்த பொம்பளையைக் கேட்பது மாதிரி, நீ யார் என்று அவளைக் கேட்டான். மைனி கையை எடுத்துக்கொண்டாள். நேராக டாக்டரிடம் போனாள்.

"ஆமணக்கு" என்றாள். பிறகு வார்டே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னாள். "ஆமணக்கு. ஆமணக்கங்கொழுந்து. பால்ல அரைச்சுக் குடுத்தேன்."

எனக்கு இந்திப் பெயர் நினைவுக்கு வரவில்லை. விளக்கெண்ணெய் எடுப்பார்களே, இலை கை விரித்தாற்போல இருக்குமே என்று உளறினேன். தினமும் ஆபீசுக்குப் போகும் ஹார்பர் லைன் ரயிலில் மான்குர்து தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம் நெடுக ஆள் உயரத்துக்கு நிற்கும் செடி. அம்பர்நாத்திலிருந்து வந்தவர்களும் வழியெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருப்பார்கள். "எரண்ட்?" என்றாள் டாக்டர். சட்டென்று நிமிர்ந்து, "பத்தா யா பீஜ்?" என்று கேட்டாள். இலையா விதையா என்ற அந்தக் கேள்வி மைனிக்கே புரிந்தது. "பத்தா. சிர்ஃப் பத்தா" என்றாள், இலை மட்டும்தான் என்று. டாக்டர் மூச்சு விட்டதை நான் பார்த்தேன். விதை விஷம். பிறகு மளமளவென்று கேள்விகள். வயிறு எத்தனை நாளாகப் போகிறது? என்ன சாப்பிட்டார்? உப்பு? உப்பே கொடுக்கவில்லை என்று நான் சொன்னதும் நர்ஸைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே ஓடினாள்.

பரிசோதனை முடிவு வந்த பிறகு எனக்கு விளக்கினாள். காமாலை தன்பாட்டில் இறங்கியிருக்கும். கொழுந்து வயிற்றை ஓயாமல் கழியவைத்தது. உடம்பிலிருந்த உப்பெல்லாம் தண்ணீரோடு போனது; பத்தியம் என்று வெளியிலிருந்தும் உப்பு வரவில்லை. புத்தி தடுமாறியது அதனால்தான். மஞ்சள் இறங்குகிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டதெல்லாம் ஆள் இறங்கிக்கொண்டிருந்ததற்குத்தான். உப்பை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், காத்திருங்கள் என்றாள்.

காத்திருந்தோம். மைனி வார்டுக்குள் வரவில்லை. வெளியே நடையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். மருந்தைக் கொன்றாயிற்று, இனி நடப்பதைப் பார்க்கத் தெம்பில்லை என்று நினைத்தாளோ என்னவோ. உள்ளே ஏறுவது உப்புத் தண்ணீர்தான், ஊசியில் வேறொன்றும் இல்லை என்று நான் போய்ச் சொன்னேன். திரும்பவில்லை. டீ வாங்கிக்கொண்டு போனேன். தொடவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் அண்ணன் கண் திறந்து தண்ணீர் கேட்டான். வார்டிலிருந்து ஓடிவந்து, "அண்ணன் பேசிட்டான் மைனி" என்றேன்.

"எந்தப் பாஷையில?" என்றாள்.

"தமிழ்லதான். ஒங்களத்தான் கேக்கான்."

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அதற்கும் சத்தம் வந்துவிடக் கூடாது என்று பார்த்தாள். பிறகு எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்த பிறகு, தப்பு செய்துவிட்டேன் என்று மைனி ஒரு நாள் சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தேன். கெட்டிக்காரி, சொல்லவில்லை. டாக்டர் சொன்னதையெல்லாம் நான் மறுபடியும் விளக்கியபோது பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "எல்லாம் சரிதான்ட்டி. நான் பேரச் சொன்னேன், மருந்து செத்துச்சு. அது செத்ததுனாலதான் அவுக பொழைச்சாக. ரெண்டும் ஒண்ணுதான" என்றாள்.

நான் கல்யாணமாகி செம்பூருக்கு வந்துவிட்டேன். நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் வீடு. பிள்ளைகளுக்கு உடம்பு கொஞ்சம் சுட்டாலும் கிளினிக்தான். அண்ணனும் மைனியும் அதே சந்தில்தான் இருக்கிறார்கள். அண்ணன் சோற்றில் உப்பை அள்ளிப் போட்டுக்கொள்கிறான். இப்போது பிரஷர் என்று அதற்குத் தனிச் சண்டை நடக்கிறது. மருந்து கேட்டு இன்னும் ஆட்கள் வருகிறார்கள். பழைய பேர் அப்படி எளிதில் போகாது போலிருக்கிறது.

போன மழைக்காலத்தில் நான் அங்கே இருந்தபோது அம்பர்நாத்திலிருந்து ஒருத்தி வந்தாள். புருஷனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் கண்கள் மஞ்சள் பூத்திருந்தன. உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவளாகவே, எந்தச் சுவர் கிழக்கு என்று கேட்டாள். மைனி அவன் கண்ணைப் பார்த்தாள். பிறகு வாசலில் போய் நின்று, சந்தே கேட்கும்படி, "ஆமணக்கு! ஆமணக்கு! ஆமணக்கு!" என்று கத்தினாள். வந்தவள் பதறிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டாள்.

"பொத்தாத, கேட்டாச்சுல்லா" என்றாள் மைனி, செருப்பை மாட்டிக்கொண்டே. "இனிமே எங்கையிலயும் பலிக்காது, ஒங்கையிலயும் பலிக்காது. எந்திரி. டாக்சியக் கூப்பிடுவோம். நானும் வாரேன்."