பன்னீர் வடிக்கும் வீட்டில்

ஓமான் நாட்டில், மஸ்கட்டின் ரூவி பகுதியில் ஒரு தமிழ் ஓட்டலில் ரெங்கராஜ் சமையல் மாஸ்டர். போன வருஷம் வந்த காய்ச்சலில் அவருக்கு வாசனையும் ருசியும் போய்விட்டன. கைப்பழக்கத்தில் சமைத்துச் சமாளித்தார். அது ரூமில் கூட இருக்கும் சரவணகுமாருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு லீவு நாளில் அவன் அவரை ஜெபல் அக்தர் மலைக்குக் கூட்டிப்போனான். அங்கே ரோஜாவில் பன்னீர் வடிக்கும் ஒரு குடும்பம், வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டிச் சாப்பாடும் போடும்.

அடுப்பறையில் நுழைந்ததுமே சரவணகுமார், "அப்பப்பா, என்ன வாசனை! தெரியுதா மாஸ்டர்?" என்றான்.

ரெங்கராஜ் செம்புப் பானைமேல் குனிந்தார். முகத்தில் ஆவியின் சூடு மட்டும் பட்டது.

சாப்பிட்ட கறிச்சோறும் வாயில் பஞ்சாகத்தான் இருந்தது. பிறகு வீட்டுக்காரர் பன்னீர் கலந்த காப்பியை நீட்டி, "அச்சா ஹை?" என்று, நன்றாக இருக்கிறதா எனத் தனக்குத் தெரிந்த இந்தியில் ஆசையாகக் கேட்டார்.

"பஹுத் அச்சா," என்றார் ரெங்கராஜ். அவருக்கு அது வெறும் வெந்நீர்.

வண்டியில் ஏறியதும் உடைந்து அழுதார். "இனிமே வராதுப்பா. முதலாளிகிட்ட சொல்லிடுறேன்."

மறுநாளே சொன்னார். முதலாளி வேலையை விட்டு அனுப்பவில்லை. இப்போது ரெங்கராஜ் ஓட்டலின் பின்பக்கம் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார். கண் எரிகிறது, மூக்குக்கு ஒன்றும் தெரிவதில்லை.