அண்ணியின் இடது கை

எங்கள் வீட்டில் 'போல்டு' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆளுக்கொரு விலை. நான் ஒரு வேலையை உதறிவிட்டு இன்னொன்றைத் தேடினால், "எம்பொண்ணு போல்டு" என்று அப்பா பூரிப்பார். பக்கத்து வீட்டு மருமகள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால், "ரொம்பத்தான் போல்டு" என்று முகம் சுளிப்பார். அண்ணிக்கு அந்தச் சொல் எந்த விலைக்கும் கிடைக்கவில்லை. அவருக்கு வாய்த்தது 'நெர்வஸ்'. அப்பா இருமினாலே அண்ணி கையிலிருக்கும் கரண்டி கீழே விழும்.

அண்ணி ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். நடுங்கிக்கொண்டு வருபவர்களை நாற்காலியில் சாய்த்து, மார்பில் துண்டு விரித்து, "வலி தாங்கலன்னா இடது கையைத் தூக்குங்க, டாக்டர் உடனே நிறுத்திடுவார்" என்பார். வாய்க்குள் கருவி இருக்கும்போது பேச முடியாதே! அப்பா கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனபோது, ஊசியைப் பார்த்ததுமே கையைத் தூக்கிவிட்டாராம். "இன்னும் ஆரம்பிக்கவே இல்ல மாமா" என்று அண்ணி அந்தக் கையைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தாராம்.

எனக்குக் கப்பலில் சமையல் வேலை கிடைத்தது. அன்றே பதில் சொல்லியாக வேண்டும்.

"இது போல்டு இல்ல, திமிரு!" அப்பா வீடு அதிரக் கத்தினார். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினான். அம்மா அடுப்படியிலிருந்து தலையே காட்டவில்லை. கத்திக் கத்தி நானும் ஓய்ந்துபோனேன். வேலை வேண்டாமென்று எழுதிவிடலாம் என போனை எடுத்தேன்.

கதவோரம் நின்ற அண்ணி இடது கையைத் தூக்கினார்.

வலது கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. ஆனால் தூக்கிய கை இறங்கவில்லை. அப்பா பாதிப் பேச்சில் நின்றார்.

"என்னம்மா?"

"போதும் மாமா. அவ போகட்டும். உங்களுக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

அப்பா உட்கார்ந்தார். பல் இல்லாத பக்கத்துக் கன்னத்தைத் தடவினார். என்னைப் பார்க்காமலே, "போய்த் தொலை" என்றார். எங்கள் வீட்டில் ஆசீர்வாதம் அப்படித்தான் வரும்.

நான் பார்த்த துறைமுகங்கள் எல்லாம் அந்தக் கை திறந்துவிட்டவை. திரும்பி வந்த அன்று, "எம்மருமக போல்டு" என்று அப்பா யாரிடமோ பெருமையடித்தார். அதைக் கேட்டு அண்ணி தட்டைக் கீழே போட்டார்.

"அங்கெல்லாம் உனக்குப் பயமா இல்லையா?" என்று, சிதறியதைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"இருந்துச்சு அண்ணி. ஒரு ஊர்ல வழி தெரியாம, உங்கள மாதிரியே இடது கையைத் தூக்கினேன்."

"அப்புறம்?"

"டாக்சி நின்னுச்சு."