உலகத்தில் இல்லாத லென்ஸ்

லிஃப்ட்காரர் கேமராவைக் கையில் எடுத்தால் கழுகு தலை வாரிக்கொண்டு வந்து நிற்கும். வாத்துகள் உயர வரிசையில் அணிவகுக்கும். ஒருமுறை அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தியபோது காற்றே மரியாதைக்கு நின்றுவிட்டதாகவும், அடுத்த ஊரில் பறந்துகொண்டிருந்த பட்டமெல்லாம் பொத்தென்று விழுந்துவிட்டதாகவும் சொல்கிறார்கள். யார் சொல்கிறார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

உண்மை இவ்வளவுதான். அவர் லிஃப்ட் மெக்கானிக். கயிறு, கப்பி, கிரீஸ் என்று வாரத்தில் ஆறு நாள் போகும். ஏழாவது நாள் பறவைகளுக்கு. பதினோரு வருடமாகப் படமெடுக்கிறார். கையில் இருப்பது யாரோ பயன்படுத்தி விற்ற கேமரா, முந்நூறு எம்.எம். லென்ஸ் ஒன்று. லென்ஸுக்குள்ளே ஓரமாகப் பூஞ்சை, கண்ணில் பூ விழுந்த மாதிரி.

ஞாயிறு காலை ஏரிக்கரையில் சங்கம் கூடும். பதினான்கு பேர். தலைவர் பல் டாக்டர். அவரிடம் இருப்பது அறுநூறு எம்.எம். லென்ஸ். அதற்குப் பச்சைப் புள்ளி போட்ட சட்டை உண்டு. டாக்டருக்கும் அதே துணியில் சட்டை உண்டு. கணக்கு வழக்கு, கடிதம், சண்டை எல்லாம் பார்ப்பவர் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். அந்தச் சங்கத்தில் ஒரு பழக்கம்: யாராவது ஒரு படத்தை நீட்டினால், படத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேள்வி வந்துவிடும்.

"என்ன லென்ஸ்?"

"அதே முந்நூறுதான் சார்."

"ம்ம்."

அந்த "ம்ம்" துக்க வீட்டுக்கு வந்தவர்கள் சொல்வது. அதற்குப் பிறகுதான் படத்தைப் பார்ப்பார்கள்.

"பரவால்ல. ஆனா லென்ஸ் போதல," என்பார் மேனேஜர். "பறவைக்கு நீளம் வேணும்ங்க."

"கிட்ட போனாப் போதும் சார்."

"கிட்ட போனா பறந்துடுமே?"

"உங்களுக்குப் பறக்கும் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

கேமரா முக்காலியில் திருகு கழன்றால் மட்டும் மற்ற பதிமூன்று பேருக்கும் லிஃப்ட்காரர் ஞாபகம் வரும். டாக்டரின் லென்ஸை வண்டியிலிருந்து கரை வரைக்கும் சுமப்பவரும் அவர்தான். அந்த லென்ஸின் விலை டாக்டருக்குத் தெரியும். எடை லிஃப்ட்காரருக்குத்தான் தெரியும். அவர் கைக்கு அங்கே மரியாதை உண்டு. கண்ணுக்குக் கிடையாது.

வருடா வருடம் சங்கம் காலண்டர் போடும். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு படம். டாக்டருக்கு நாலு மாதம், மேனேஜருக்கு இரண்டு, மீதி மற்றவர்களுக்கு. லிஃப்ட்காரர் பதினோரு வருடமாக அனுப்புகிறார். ஒரு மாதமும் கிடைத்ததில்லை. பிப்ரவரி கொடுத்தால்கூடப் போதும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். போன வருடம் மேனேஜர் தோளில் தட்டி, "பதிமூணாவது மாசம்னு ஒண்ணு வந்தா அது உங்களுக்குத்தான்" என்றார். லிஃப்ட்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவை அறைந்து சாத்தினார். அவர் மனைவி, "யார் மேல கோவம்?" என்று கேட்டதற்கு, "பிப்ரவரி மேல" என்றார்.

இந்த வருடம் படத்தை அனுப்புவதற்குக் கம்ப்யூட்டரில் படிவம் வைத்தார்கள். நூறு ஒயர் உள்ள பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்ப்பவருக்கு அந்தப் படிவம் பிடிபடவில்லை. வீட்டில் மகள் ஒருத்தி இருக்கிறாள். பதினாறு வயது. பாதி நாள் பள்ளிக்கூடம் போவாள், மீதி நாள் போனதாகச் சொல்வாள். உப்பு ஜாடியில் சர்க்கரை கொட்டி வைப்பது, அப்பாவின் அலாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைப்பது மாதிரியான சமூக சேவைகள் செய்பவள். அவளைப் பற்றி இதை எழுதுகிறவளுக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம்.

"கொக்குப் படத்த அனுப்பு," என்றார் அவளிடம். "வேற எதையும் தொடாத. அதுல யாரும் குறை சொல்ல முடியாது."

"சரிப்பா," என்றாள். அந்தச் "சரிப்பா"வை நம்பியது அவர் செய்த தப்பு.

தேர்வுக் கூட்டம் டாக்டரின் கிளினிக்கில். நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகளில் சங்கம் உட்கார்ந்தது. ஈறு நோய் விளக்கப் படத்தைக் கழற்றிவிட்டு அந்தச் சுவரில் படங்களைக் காட்டினார்கள். ஏழாவதோ எட்டாவதோ, லிஃப்ட்காரரின் முறை வந்தது. கொக்கு வரவில்லை.

உழவாரன் வந்தது. தரையில் கால் வைக்காமல் நாளெல்லாம் பறந்துகொண்டே இருக்கும் பறவை. அம்பு மாதிரிப் போகும். கண்ணால் பிடிப்பதே கஷ்டம். ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையின் இருட்டான ஜன்னலுக்குள் நுழையப் போகிற நொடி. காற்றில் மிதந்த வெள்ளை இறகு ஒன்றை அலகில் கவ்வியிருக்கிறது, கூட்டுக்குப் பஞ்சு மெத்தை போட. இறக்கை இரண்டும் அரிவாளாக விரிந்திருக்கின்றன. கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம்.

கயிறு சோதனைக்குப் போன இடத்தில் மூன்று மத்தியானம், சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டுக் காத்திருந்து எடுத்தது. அதை அவர் யாரிடமும் காட்டியதில்லை. இறக்கை நுனி லேசாகக் கலங்கியிருக்கும். "லென்ஸ் போதல" என்ற சொல்லை இந்தப் படத்துக்கு மட்டும் கேட்க அவருக்குத் தெம்பில்லை.



"அடேயப்பா," என்றார் மேனேஜர். படத்துக்குக் கீழே இருந்த வரியை வாசித்தார். "எண்ணூறு எம்.எம்., எஃப் ரெண்டு புள்ளி எட்டு. அதான பாத்தேன்! லென்ஸ் பேசுதுங்க."

"அந்தக் கண்ணப் பாருங்க," என்றார் டாக்டர். "முந்நூறுல வருமா இது? ஜென்மத்துக்கும் வராது." பிறகு திரும்பி, "எப்ப சார் வாங்கினீங்க? சொல்லவே இல்ல?"

பதினோரு வருடத்தில் டாக்டர் அவரை "சார்" என்றது அதுதான் முதல் தடவை.

"பிப்ரவரி எல்லாம் வேணாம்," என்றார் மேனேஜர். "அட்டையில போடலாம். என்ன சொல்றீங்க?"

லிஃப்ட்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருந்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் அட்டைப்படம். ஆனால் ஒவ்வொரு லிஃப்டிலும் சோதனை அட்டை ஒன்று தொங்கும். கையால் தொட்டுப் பார்க்காத கயிற்றுக்கு அவர் அதில் கையெழுத்துப் போட்டதில்லை. இந்தப் பாழாய்ப்போன வழக்கம் கிளினிக்கிலும் கூடவே வந்து உட்கார்ந்திருந்தது.

"சார், அது தப்பா எழுதியிருக்கு. என் பழைய முந்நூறுதான்."

"ம்ம்," என்றார் டாக்டர்.

அதே "ம்ம்". எல்லோரும் இரண்டாவது தடவை படத்தைப் பார்த்தார்கள்.

"இப்ப சொன்னப்புறம் பாத்தா," என்று மேனேஜர் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனார். "இறக்கை நுனி கலங்கித்தான் இருக்கு."

"கண்ணும் அவ்வளவு கூர்மையா இல்ல," என்றார் டாக்டர். "முந்நூறுக்கு இது நல்ல முயற்சி. அதச் சொல்லணும்."

"படிவத்துல தகவலும் தப்பு. விதின்னு ஒண்ணு இருக்கே," என்றார் மேனேஜர்.

அட்டைக்கு டாக்டரின் நாரை போனது. கூட்டம் கலையும்போது டாக்டர் முக்காலியை நீட்டினார். "தலை ஆடுது. கொஞ்சம் பாருங்களேன்."

லிஃப்ட்காரர் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, தலை ஆடாமல் இறுக்கிக் கொடுத்தார். ஒழுங்காகத்தான் இறுக்கினார். அதுதான் இதில் ஆறாத விஷயம்.

வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். மனைவி வைத்த டீயை ஆறவிட்டுக் குடித்தார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, உழவாரனைப் பெரிதாக்கி இறக்கை நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கலங்கல் மட்டும்தான் தெரிந்தது.

மகள் வாசற்படியோடு நின்றாள்.

"எண்ணூறு லென்ஸுக்கு ரெண்டு புள்ளி எட்டுங்கிற அளவுல துவாரம் கிடையாதுடி," என்றார் திரும்பாமலே. "அப்படி ஒண்ணு செஞ்சா அதோட வாய் வாளி அகலம் இருக்கும். எந்தக் கம்பெனியும் செய்யல. பதிமூணு பேரு இல்லாத லென்ஸப் புகழ்ந்தாங்க. ஒருத்தனுக்கும் தெரியல."

"அப்ப சிரிக்க வேண்டியதுதானப்பா."

"சிரிப்பு வரல."

"சும்மா விளையாட்டுக்குத்தான்," என்றாள். "பெரிய நம்பரா இருக்கட்டும்னு போட்டேன். படம்கூட கைக்கு வந்தத அனுப்பினேன். பாக்கவே இல்ல."

"பாக்கவே இல்ல?"

"சத்தியமா."

லிஃப்ட்காரர் நாற்காலியைத் திருப்பினார். "சுவத்துல படம் தெரிஞ்சப்ப மூலையில ஃபைல் பேரும் தெரிஞ்சுது. பொடி எழுத்து. எல்லாரும் லென்ஸப் படிச்சாங்க, நான் அதப் படிச்சேன். 'அப்பா நல்லது நாப்பத்தி மூணு'. நான் வெச்ச பேரு இல்ல அது."

இதை எழுதுகிறவள் காலால் தரையைத் தேய்த்தாள்.

"பதினோரு வருஷப் படம் இந்தக் கம்ப்யூட்டர்ல கெடக்கு," என்றார். "பாக்கவே இல்லன்னா, மீதி நாப்பத்தி ரெண்டு எங்கடி?"